பின்வாசலில் கேட்ட மூன்று சிலிண்டர்

என் மைத்துனனுக்குக் காது ரொம்பக் கூர்மை. வாய் அதைவிட நீளம், அதுதான் தொல்லை. கார்களைப் பற்றி எழுதும் ஓர் இணையதளத்தில் அவனுக்கு வேலை. எனக்கோ கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிற வேலை. அடுத்த வருடம் வரப்போகும் எங்கள் ஹாட் ஹேட்ச்பேக்கின், அதாவது வேகத்துக்கென்றே செய்யும் சின்னக் காரின், என்ஜினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதைச் சோதிக்கும் கூடத்தின் கதவு என் அடையாள அட்டைக்குத் திறக்காது.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் பின்வாசலில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். பக்கத்தில் அவள் தம்பி. நான் பிள்ளையின் காய்ச்சலை விசாரித்துக்கொண்டிருக்க, இவன் என் முதுகுக்குப் பின்னால் ஓடிய என்ஜினைக் கேட்டிருக்கிறான்.

இரண்டே நாளில் கட்டுரை வந்துவிட்டது. எங்கள் புதுக் காரில் பழைய நான்கு சிலிண்டர் என்ஜின் போகிறது, மூன்று சிலிண்டர் டர்போ என்ஜின் வருகிறது, குறையும் சக்தியை ஈடுகட்ட மின்மோட்டார் சேர்ப்பார்கள் என்று அளந்துவிட்டிருந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெயின்ட் பிரிவிலுள்ள தன் உறவினரின் போன் வழியே காதால் கேட்டதாக ஆதாரம் வேறு. இவன் என் மைத்துனன் என்பது எங்கள் கேட் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

ரகசியம் வெளியே போனால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். பதினோரு வருட வேலை. அன்று மாலை அவனைப் போனில் வறுத்தெடுத்தேன்.

மறுநாள் மதியம் என்ஜின் பிரிவின் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். கண்டிப்பான அம்மாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எங்கே நின்று பேசினீர்கள், காட்டுங்கள் என்றார். பின்வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

சுவரோரத் தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மதியம்தோறும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். கேட்டுக் கேட்டுப் பழகி, அந்தச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை. அந்த அம்மாள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். திரும்பியபோது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மூணு சிலிண்டர்தான். உங்க மைத்துனருக்கு நல்ல காதுங்க. ஆனா இது கரண்டுக்கு ஓடுறது, காருக்கு இல்ல."

அப்படியென்றால் காரில் எத்தனை என்று கேட்க வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன். போட்டிக் கம்பெனிகள் நம்பினால் நம்பட்டும், யாரிடமும் மறுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அப்பாடா என்றிருந்தது. அன்று மாலை ஒரு கதவுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்துவிட்டேன்.

வீட்டு வாசலிலேயே மைத்துனன் நின்றிருந்தான். கையில் எங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதம். உறவினர் எதையும் சொல்லவில்லை, தவறு முழுவதும் தன்னுடையது, அதற்காக இணையதள வேலையைத் தான் விட்டுவிடுவதாக எழுதியிருந்தான்.

"நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன் மாமா. எனக்கு வேற வேலை கெடைக்கும். உங்களுக்குப் போகக் கூடாது."

நேற்றுத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. கடிதத்தை நாலாகக் கிழித்தேன். வேலை இருக்கிறது என்றேன். உள்ளே மனைவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அரை நிமிடம் ஆகவில்லை, பழைய ஆளாகிவிட்டான்.

"அப்போ மூணுதானே மாமா?"

மறுக்கக் கூடாதென்று உத்தரவு.

"உன் காதுல ஒரு பழுதும் இல்ல மாப்ள," என்றேன். "ஆனா இனிமே நான் போன் பண்ணா, நீ எந்திரிச்சு வெளிய போயிடணும்."