பின்சீட்டில் யாருமில்லை

"ஆறு மணிக்கு மேல எனக்கு போன் பண்ணாதீங்க சார். ஞாயித்துக்கிழமை சுத்தமா பண்ணாதீங்க."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பெனிஷாவுக்கு அந்த எச்சரிக்கை ஞாபகம் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கன்டெய்னர் லாரிகளை அனுப்பும் அந்த ஆபீசில் சேர்ந்த அன்றைக்கே பக்கத்து சீட்டு வர்ஷா காதோடு சொல்லியிருந்தாள்: "லீவு கேளு, சம்பளம் ஏத்திக் கேளு. போன் பண்ணாதீங்கன்னு மட்டும் சொல்லிடாதடி. உன் டிகிரி ஒரிஜினல் மேனேஜர் பீரோல கீது."

வேலைக்குச் சேர்ந்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அது தப்பென்று அப்போது பெனிஷா வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த வீட்டில் கல்லூரிப் படியேறியதே அவள் ஒருத்திதான். அம்மா சகாயமேரி அதைப் புதுக் கவரில் போட்டு, தானே கொண்டுவந்து பெருமையாக நீட்டிவிட்டுப் போனாள்.

மேனேஜர் ஜெகதீஷ் சிரித்தார். "என்னம்மா, காலைலயே காமெடி பண்ற?"

"அம்மா வண்டிலேர்ந்து விழுந்துட்டாங்க சார்."

"கேள்விப்பட்டேன். கைதானே?"

கைதான். நேற்று ஞாயிறு. அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நூம்பலில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கிளம்பினாள். திருவேற்காடு வரும்போது போன் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசியபடியே ஓட்டுவது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. எந்த லாரி எந்த கேட்டில் நிற்கிறது என்று ஜெகதீஷ் குடைந்துகொண்டிருந்தார். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. இவள் பேசிக்கொண்டே போனாள். வேலப்பன்சாவடி வந்துதான், "ம்மா, சித்திக்கு எதுனா வாங்கிக்கலாமா?" என்று திரும்பினாள். பின்சீட்டில் யாருமில்லை.

வந்த வழியே திரும்பிய அந்தத் தூரம் முழுக்க, எதிரே வந்த ஒவ்வொரு தண்ணி லாரியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கடை வாசலில் ஸ்டூல் போட்டு அம்மாவை உட்காரவைத்திருந்தார்கள். மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. மகளைப் பார்த்ததும் அம்மா முதலில் கேட்டது: "ஆபீஸ்ல பேசி முட்ச்சிட்டியா?"

இன்று காலை ஆபீசுக்குள் நுழையும்போதும் அந்தக் கேள்வி பெனிஷாவின் காதிலேயே இருந்தது.

"ப்ளூடூத் வாங்கித் தரச் சொல்றேன். போய் வேலையப் பாரு" என்றார் ஜெகதீஷ். "இல்லன்னா கிளம்பு. ஒரிஜினல் மட்டும் வராது." பீரோவைத் திறந்து கவரை எடுத்துக் காட்டினார். மறுபடி உள்ளே வைத்துச் சாவியைத் திருப்பினார்.

அந்த ஒற்றைத் தாள் போனால் அவள் படித்தவள் என்று யார் நம்புவார்கள்? அந்த நேரம் பார்த்து கையிலிருந்த ஆபீஸ் போன் அடித்தது. டிரைவர் சம்பத். அவள் நினைக்கவேயில்லை, விரல் தானாகப் போய் எடுத்தது. "சொல்லுங்கண்ணா, எந்த கேட்டு?" வாயும் தானாகக் கேட்டது.

"பாத்தியா? நல்ல பொண்ணு" என்றார் ஜெகதீஷ்.

பேயைக் கண்டவள்போல் தன் விரலையே பார்த்தாள். நேற்றும் இப்படித்தான். அம்மா கத்தியிருப்பாள், இவள் காதில் விழுந்திருக்காது.

போனை அவர் மேஜைமேல் வைத்தாள். "சம்பத்தண்ணன் லைன்ல கீறாரு. நீங்களே பேசுங்க."

"சர்டிபிகேட் வேணாமா உனக்கு?"

"வேணும். போலீசோட வந்து வாங்கிக்கிறேன்." குரல் உடைந்து அழுகை மாதிரிதான் வந்தது. வரட்டும்.

"ஏய் லூசு, உக்காருடி!" வர்ஷா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பெனிஷா விடுவித்துக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் உள்ளே எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள்.