ஐந்தாம் பாட்டுக்குப் பிறகு ஒரு தட்டல்

1

இந்தக் கதை எனக்கு எங்கள் தீவின் நமாகா ஊரில், ஒரு நங்கோனாக் கிண்ணத்தின் அடியில் கிடைத்தது. வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் சரக்கு அது. இரண்டு கிண்ணம் போனால் நாக்கு மரத்துவிடும். அதற்குமேல் போனால் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வரும். அன்று ராஜன் நாற்பது கிண்ணம் குடித்தார். (சரி, ஆறு. ஆனால் கிண்ணம் பெரிது.)

ராஜன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். இந்த நாட்டைவிட்டுப் போன சனங்களின் பெட்டிகளில் பாதி அவர் தோளில் ஏறித்தான் போயிருக்கும் என்பது என் கட்சி. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதற்கும் முன்னால், லம்பாசாவில் கரும்பு வெட்டிய வயதில், மொலாசஸ் என்ற ராக் குழுவில் அவர் கிட்டார் வாசித்தார். குழு போட்டது ஒரே ஒரு ஆல்பம். யாரும் சீண்டாத அந்த ஆல்பத்தைக் கனடாவில் ஒரு கம்பெனி ரீமாஸ்டர் செய்து, அதாவது பழைய ஒலியைத் துலக்கி, மறுபடி கொண்டுவரப் போகிறது.

அந்தச் சேதி வந்தவன் துள்ளிக் குதிக்க வேண்டாமா? ராஜனுக்கோ வாய்க்குள் போன சோறு இறங்கவில்லை. ஏன் என்பதுதான் கதை.

2

முதல் தொடக்கம்:

இரண்டு முறை ராணுவப் புரட்சி கண்ட தீவில், லம்பாசாக் கரும்புக்காட்டை ஒரு படைப்பிரிவே வளைத்து நின்றது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஒன்று—

இதை ராஜனுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "அண்ணே, மொதல்ல அந்த ஹெலிகாப்டர எறக்குங்க" என்றார். "லம்பாசாவுக்கு பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வராது."

இறக்கிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

பதினோரு சிப்பாய்கள், பதினோரு துப்பாக்கிகள், கொட்டகைக் கதவை—

"யாரு எண்ணுனா?" என்றார்.

ஆகவே மூன்றாவது, அவர் சொன்னபடியே. எனக்குக் கை நமநமவென்கிறது. பொறுத்துக்கொள்கிறேன்.

3

புரட்சிக்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, விளையாட்டுக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது; சாமி கும்பிடலாம், அவ்வளவுதான். மீறினால் சிப்பாய் வருவான். ஊரே முணுமுணுத்தது. மொலாசஸ்காரர்கள் மட்டும் உள்ளுக்குள் மகிழ்ந்தார்கள். பஸ் ஓடாது, கரும்பு லாரி உறுமாது, பக்கத்துக் காட்டில் டிராக்டர் கிடையாது. கையில் காசில்லாத பையன்களுக்கு அரசாங்கமே ஒரு தீவைப் பூட்டி ஒலிப்பதிவுக் கூடமாக்கிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தார்கள். ஊரெல்லாம் அமைதியாக இருக்கும்போது தங்கள் சத்தம்தான் ஊரெல்லாம் கேட்கும் என்பது நாலு பேரில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

ராஜன் வீட்டுத் தகரக் கொட்டகை. சுவரெங்கும் மெத்தையும் உரச்சாக்கும். கல்யாண வீடியோக்காரரிடம் இரவல் வாங்கிய சுருள்நாடா ரெக்கார்டர். டிரம்ஸில் ராஜனின் உயிர்ச் சிநேகிதன் ஷைலேந்திரா. (மற்ற இரண்டு பேருக்குப் பெயர் வைக்கவில்லை. தட்டல் கேட்டதும் ஓடியவர்கள் கதையைவிட்டும் ஓடிப்போனார்கள்.) ஐந்து பாட்டு முடிந்து ஆறாவதற்குக் குச்சியைத் தூக்கினான் ஷைலேந்திரா.

கதவு தட்டப்பட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு கரும்புக்குள் பாய்ந்தார்கள். இருட்டும்வரை குப்புறக் கிடந்தார்கள். கரும்புச் சோகை ராஜனின் முகத்தைக் கிழித்தது. பக்கத்தில் ஷைலேந்திராவின் பல் தந்தியடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்கிறார். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. எதுவும் உடையவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. நாடா ஓடி முடிந்து, அதன் வால் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஷைலேந்திரா அந்தக் கொட்டகைக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. நிச்சயம் பண்ணிய பெண்ணை விட்டான், அப்பாவின் கரும்பு நிலத்தை விட்டான், அடைக்கலம் கேட்டுக் கனடா போனான். அந்த நாடாவிலிருந்து, தட்டலையும் வெட்டாமல், ஆல்பக் கேசட் எடுத்திருந்தார்கள். விசாரணையில் அதைப் போட்டுக் காட்டினானாம். ஐந்தாம் பாட்டு, தட்டல், அப்புறம் இரைச்சலுக்குள் யாரோ உறுமுவது போல ஒன்று. அதைக் கேட்டுத்தான் இருக்கவிட்டார்கள் என்று அவன் ராஜனுக்கு எழுதினான். அம்மா செத்தபோதும் வரவில்லை. பயம்.

[இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. அந்த வருஷங்களில் சிப்பாய்கள் நிஜமாகவே தட்டிய கதவுகள் உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட நான் பெருக்கிச் சொல்ல மாட்டேன்.]

ஆல்பம் விற்கவில்லை. மிச்சக் கேசட்டுகளின் நாடாவை உருவி, குருவி விரட்ட நெல்வயலில் கட்டினார்கள். காற்றில் அது விர்ரென்று பாடும். "குருவிங்கதான் எங்களுக்குப் பயந்துச்சு" என்பார் ராஜன்.

4

ரீமாஸ்டர் செய்கிற ஒலிப்பொறியாளர் வேறு யாருமில்லை, நிலேஷ்னி. ஷைலேந்திராவின் மகள், கனடாவில் பிறந்தவள். மூலச்சுருளை அனுப்பிவைத்தவர் ராஜன்தான். அட்டைப்படம் தயார்: மூடிய கதவு, அதன் கீழிடுக்கில் பூட்ஸ் நிழல். சிப்பாய்கள் தட்டிய ஆல்பம் என்றுதான் கம்பெனி விற்கப்போகிறது.

இந்த நேரத்தில் அவளிடமிருந்து ராஜனுக்குக் குரல்செய்தி வந்தது, பாதி இங்கிலீஷ், பாதி நம் ஊர் இந்தி. ஐந்தாம் பாட்டுக்குப் பின்னால் இருந்த இரைச்சலை வழித்தெடுத்துவிட்டேன் அங்கிள், உள்ளே ஒரு குரல் இருக்கிறது, தமிழ் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'தம்பி', அது அதில் வருகிறது. என்ன சொல்கிறது என்று சொல்லுங்கள், அட்டையில் கடைசி வரியாகப் போடுவேன். அப்பாவுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை, அவருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நீங்கள் சொல்லாவிட்டால் வியாழக்கிழமை அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

ராஜன் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவள் கூடவே அனுப்பிய ஒலித்துண்டைக் காதில் மாட்டிக் கேட்டார்.

தட்டல். முன்பு கேட்டதைவிட மெதுவானது. கைமுட்டியால் அல்ல, விரலால். கதவு கிறீச்சிடுகிறது. அப்புறம், மேலே கிடந்த கம்பளியை யாரோ உருவிவிட்டதுபோல, துல்லியமாக:

"தம்பிங்களா, கடசியா ஒண்ணு அடிச்சீங்களே, அத இன்னொருக்கா அடிங்களேன். நல்லாருந்துச்சு."

பாப்பம்மா. வேலிக்கு அந்தப்பக்கம் தனியாகக் கரும்பு போட்டுப் பிழைத்த விதவை.

சற்று நேரம் ஒன்றுமில்லை. செருப்பு தேய்கிற சத்தம். ஆளில்லாத கொட்டகையில் அவள் நிற்கிறாள். பிறகு டிரம்மில் ஒரே ஒரு தட்டு, விரலால், டும் என்று. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, போகிற செருப்பு.

ராஜன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். (ஆயிரம் தடவை என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.) அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பாப்பம்மா அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. சிப்பாய்களைப் பார்த்த பயம் என்று நினைத்திருந்தார். தான் கேட்டதற்கு ஓடினார்கள் என்றல்லவா அவள் நினைத்திருப்பாள். பின்னால் நவுசோரியில் மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

மொலாசஸுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ரசிகை. நாலு பேரும் அவளிடமிருந்து தப்பி ஓடியிருக்கிறார்கள்.

5

மனைவி சுஷீலாவிடம் சொன்னார். அவள் மாவு பிசைந்த கையோடு சிரித்தாள். "ஒரு பொம்பள பாட்டு கேட்டதுக்கா அந்த மனுசன் கனடா போனாரு?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"சொல்லிப்புடாதீங்க" என்றாள். "அங்க இருக்கக் குடுத்த பேப்பரத் திருப்பிக் கேட்டாங்கன்னா? இந்த வயசுல எங்க போவாரு?" கையைக் கழுவிவிட்டு வந்து, தணிந்த குரலில், "பாப்பம்மாக்காவும் பாவம்தான்" என்றாள்.

ராஜன் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். ஷைலேந்திரா பொய் சொன்னவனில்லை. நம்பியதைச் சொன்னான். ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒருவன் விட்ட நிலமும் பெண்ணும் அம்மாவும் ஒரு சிப்பாயின் பேரில் நிற்கின்றன. அந்தச் சிப்பாயை உருவினால் மேலே இருப்பது என்ன ஆகும்? அந்தத் தட்டல் இல்லாவிட்டால் நிலேஷ்னியே இல்லை.

6

முடிவுகள். எல்லாம் என் சரக்கு.

அ) ராஜன் பொய் சொல்கிறார்: அது ராணுவத்தில் இருந்த ஒரு தமிழ்—

வேண்டாம். குரல் பெண்குரல். அது நிலேஷ்னிக்கும் தெரியும்.

ஆ) பாப்பம்மா எச்சரிக்க வந்தாள் என்று சொல்கிறார்: தம்பிங்களா ஓடுங்க, சிப்பாய் வர்றான். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள், அட்டைப்படத்தையும் மாற்ற வேண்டாம். ராஜன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதையும் மாத்திச் சொல்லணுமாண்ணே?" என்றார்.

இ) ஷைலேந்திரா உண்மையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான், சிநேகிதர்கள் லம்பாசாவில் கட்டிக்கொண்டு—

"ஷைலேன் சிரிக்கமாட்டான்" என்றார் ராஜன். அதோடு அந்த வாக்கியம் நின்றுவிட்டது.

ஈ) பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறார். இதைத்தான் ராஜன் திங்கள், செவ்வாய், புதன் செய்துகொண்டிருந்தார். அதுவும் ஒரு பதில்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

7

இன்று வியாழன். ராஜன் போனை என் கையில் திணித்தார். "நீங்கதானே எழுதுறவரு. எழுதுங்க. நான் பாக்கல."

நிலேஷ்னிக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். பழக்கதோஷம், பதினோரு பேர் வந்து நின்றார்கள். ஒருவனை எடுத்தேன். இன்னொருவனை எடுத்தேன். துப்பாக்கிகளை எடுத்தேன், பூட்ஸை எடுத்தேன். கடைசியில் கதவருகே ஒரு பெண் மட்டும் மிஞ்சினாள், ஐந்தாம் பாட்டு பிடித்துப்போன பெண். அவளை எடுக்கவும் முடியவில்லை, பெருக்கவும் முடியவில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஆனதில்லை.

அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்திருந்தேன். போன் அதிர்ந்தது.

ஷைலேந்திரா.

மகள் போட்டுக் காட்டிவிட்டாள். அவனுக்குத் தமிழ் தெரியும். அழைப்பது எதற்கு என்று எனக்குத் தெரியாது. அழவா, ஏசவா, அந்தக் குரலை நம்ப மறுக்கவா, ஐந்தாம் பாட்டு எந்தச் சுருதியில் ஆரம்பிக்கும் என்று கேட்கவா. ராஜன் எழுந்து நிற்கிறார். அவர் கண் பின்வாசல் பக்கம் போகிறது. பின்வாசல் திறந்துதான் இருக்கிறது.

போன் என் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருக்கிறது. இதை உங்கள் கையில் வைக்கிறேன். எடுத்துக் கேளுங்கள். அவர் ஓடுவதற்குள்.