தகவல் சொன்னவர்

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மூன்றாவது நாளாக ஓசூர் தாலுகா ஆபீஸில் பழைய சாவுப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள் மாதேஸ்வரி. தேடியது அப்பாவின் தாத்தா ஆஞ்சப்பனை. வாந்திபேதி வந்த வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளை அப்படியே போட்டுவிட்டுக் கோலாருக்கு ஓடிப்போனவர் என்பது வீட்டுப் பேச்சு. மத்தூர் அத்தை வீட்டில் விட்டிருந்த ஒரு மகன், அப்பாவின் அப்பா, மட்டும்தான் பிழைத்தான். யார் கட்டிவிட்ட கதையோ! ஆடி அமாவாசைப் படையலில் அப்பா எல்லார் பேரையும் சொல்வார், இந்த ஒரு பேரைத் தவிர. "அந்தாளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது" என்பார், சாகும்வரை.

ஏடு தெலுங்கில் இருந்தது. தன் வம்சத்தைத் தேட வந்திருந்த நாராயணப்பாதான் படித்துச் சொன்னார்.

"ஒரே வாரத்துல நாலு சாவும்மா. பொண்டாட்டி, மூணு புள்ளைங்க. நாலுக்கும் தகவல் சொன்னவர் ஆஞ்சப்பன். கைநாட்டு வெச்சிருக்கார்."

"அப்ப ஓடலீங்களா?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். "அஞ்சாவது சாவு அவருதும்மா. தகவல் சொன்னவர் தலையாரி."

போன தை மாதம் அப்பா இறந்தபோது, நகராட்சியில் 'தகவல் சொன்னவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டவள் மாதேஸ்வரி. ஒரு சாவைச் சொல்லிவிட்டு வந்தவளுக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நாலு கைநாட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இப்போது சொல்வதற்கு அவளிடம் ஒரு தகவல் இருந்தது. கேட்க வேண்டியவர்தான் இல்லை.