சந்தனம் வைத்த தொட்டி

திண்டிவனத்தில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு இருந்தது ஒரேயொரு மைக்ராஸ்கோப். அதையும் பையன்கள் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று 1961-ல் இன்ஸ்பெக்டருக்குத் தோன்றிவிட்டது. "பொண்ணுங்க இதுல என்னத்தப் பாக்கறாங்கன்னு காட்டுங்க டீச்சர். பூஜா லீவு முடிஞ்ச அன்னிக்கே வர்றேன்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வாங்க சார், காட்டறோம்" என்றேன்.

காட்டுவதற்குத்தான் கண்ணாடித் தொட்டி இருந்ததே! ஆடியில் ஏரித் தண்ணீரும் சேறும் பாசியும் போட்டு ஜன்னலோரம் வைத்தது. முதலில் கலங்கி நாறியது. பிறகு செருப்பு வடிவத்தில் பொடிசுகள் லென்ஸுக்கடியில் ஓடின. தண்ணீர் தெளியத் தெளிய அவை குறைந்து, தலையில் சக்கரம் சுழற்றும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்கள் பெருகின. பெண்கள் அவற்றுக்கு ராட்டினம் என்று பெயர் வைத்தார்கள். மணி அடித்தாலும் நகர மாட்டார்கள்.

லீவுக்கு விழுப்புரம் போய்விட்டு, பள்ளி திறப்பதற்கு முதல் நாள் காலை திரும்பினேன். தொட்டி காலியாகப் பளபளத்தது, சந்தனம் குங்குமத்தோடு.

"சரஸ்வதி பூஜைக்கு அழுக்கோட வைக்கலாங்களா டீச்சரம்மா? நாந்தான் தேச்சிக் கழுவினேன்" என்றார் ஆயா வீரம்மாள், பெருமையாக.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்தச் சேத்த எங்க கொட்டினீங்க?" என்று கத்தினேன்.

கல்வாழைப் பாத்தியோரம் அது வெயிலில் வெடித்துக் கிடந்தது. காய்ந்தாலும் சில உயிர்கள் சுருண்டு உறங்கும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. வேறு வழி? சுரண்டியெடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் வெறும் மண். வீரம்மாள் என் முகத்தைப் பார்க்கப் பயந்து அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் லென்ஸுக்கடியில் இன்னொரு துளி வைத்தேன். மண்துகளாகக் கிடந்த ஒன்று மெல்ல நீண்டது. தலையை நீட்டியது. சக்கரம் சுற்றத் தொடங்கியது! நான் போட்ட கூச்சலில் வீரம்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்தார். முதலில் அவரைத்தான் பார்க்கச் சொன்னேன்.

"ஐயோ, இதுங்களையா நான் வெயில்ல கொட்டினேன்?" என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஒரு பெண், "சார், எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

"இங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

அடுத்த வருஷப் பூஜையில் தொட்டி பாசியும் தண்ணீருமாகவே வந்து உட்கார்ந்தது, கண்ணாடிக்கு வெளியே ஒரு பொட்டோடு. துடைக்கப் போன பெண்ணை வீரம்மாள் அதட்டினார்.

"ஆட்டாதடி! உள்ள ஒரு ஊரே குடித்தனம் பண்ணிக்கினு இருக்குது."