ஒரு விரலில் மட்டும் கறை

தோல் மருத்துவரின் முன்னறையில், ஏசி காற்று நேராக வந்து விழும் நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. அதில் உட்காராமல் அவள் சுவரோரமாக நின்றாள், தீக்குச்சியைக் காற்றிலிருந்து மறைப்பதுபோல இடதுகை மோதிரவிரலை வலதுகைக்குள் பொத்திக்கொண்டு.

"உக்காரேன்டி, கால் வலிக்கல?" என்றாள் நாத்தனார்.

"இல்லண்ணி, காத்து படும்."

நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள், அவ்வளவுதான். அவள் பிதுக்கினால் நாலு வாக்கியம் பேசியதற்குச் சமம்.

இது ஏழு வருடக் கதை. அழகு நிலையத்தில் அடுத்தவர் நகங்களைச் சீவி, தேய்த்து, சாயம் பூசுவது அவளுக்குத் தொழில். அவளுடைய ஒரு நகமோ அவளையே ஆட்டிப் படைத்தது. பச்சைத் தண்ணீர் பட்டால் நகத்துக்கடியிலிருந்து தோள்வரை சுரீர் என்று ஏறும். தூக்கத்தில் போர்வை உரசினாலே உயிர் போய் உயிர் வரும். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ரத்தம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஒருவர் நரம்பு என்றார், இன்னொருவர் சத்துக்குறைவு என்றார். கடைசியாகப் பார்த்தவர் மிகவும் மரியாதையாக மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் இதற்கு 'விரல் நாடகம்' என்று பெயர். வைத்தவள் நாத்தனார்தான். பாத்திரம் கழுவும் இடத்தில் இவள் தயங்கி நின்றால், "ஆரம்பிச்சாச்சா நாடகம்?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், புருஷன் உட்பட. சும்மா சொல்லக்கூடாது, இன்று வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வந்திருப்பதும் நாத்தனார்தான். பாதி அக்கறை. மீதிப் பாதி, இன்றைக்காவது குட்டு வெளிப்படட்டும் என்ற ஆசை.

அந்தக் கடிதம் வந்த பிறகு அவளுக்கே சந்தேகம் தட்டிவிட்டது. வலிக்கும்போதெல்லாம், 'நிஜமாகவே வலிக்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வலியைவிட அந்தக் கேள்வி பயமாக இருந்தது. இந்த டாக்டரும் ஒன்றுமில்லை என்றால் இனி யாரிடமும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மருத்துவர் குள்ளமான பெண்மணி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அவளுடைய பத்து விரல்களிலும் நேற்று மாலை புதிதாகப் பூசிய அரக்கு நிறம் பளபளத்தது. "முதல்ல இந்த பாலிஷ எடுத்துடலாமா?" என்றார்.

ஏழு வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கை லட்சணமாக இருக்கவேண்டும் என்பது அவள் தொழில் கற்றுக்கொடுத்த ரோஷம். நர்ஸ் பஞ்சை நனைத்துத் தேய்த்த வேகம் பிடிக்காமல் தானே வாங்கித் துடைத்தாள்.

மருத்துவர் லென்ஸோடு குனிந்தார். "இது என்ன, நீலமா?"

"அது கறைங்க டாக்டர். அடர்த்தியான கலர் போட்டுப் போட்டு நகத்துல ஊறிடும். எங்ககிட்ட வர்ற எல்லாருக்கும் இருக்கும்."

"பத்து விரலுக்கும் ஒரே பாலிஷ்தானே போடுறீங்க?"

"ஆமா."

"அப்புறம் இதுல மட்டும் எப்படிக் கறை?"

அவள் மற்ற ஒன்பது நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் நகம் பார்த்த கை! வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் சமாதானத்தையே தனக்கும் சொல்லிக்கொண்டு, மாதாமாதம் அதன்மேல் சாயம் அடித்திருக்கிறாள்.

மருத்துவர் ஒரு காகித கிளிப்பை நிமிர்த்தி, அதன் முனையால் நகத்தில் அங்கங்கே தொட்டார். இங்கே? இல்லை. இங்கே? இல்லை. மூன்றாவது இடத்தில் அவள் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டாள். கண்ணை மூடச் சொல்லி மறுபடி பார்த்தார். ஐந்து இடம் தொட்டதில் அதே ஒரு புள்ளிதான் அலறியது.

"கண்ணத் தொறக்கவே இல்ல டாக்டர்," என்றாள் நாத்தனார், யாரும் கேட்காமலேயே. "நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"நகத்துக்கு அடியில சின்னக் கட்டி, கடுகளவுதான். குளிர், சூட்டுக்கு ஏத்தமாதிரி ரத்தத்தக் கூட்டிக் குறைக்கிற முடிச்சு ஒண்ணு விரல் நுனியில இருக்கும், அது வீங்கியிருக்குன்னு நினைக்கிறேன். அபூர்வமா வர்றது, பயப்பட ஒண்ணுமில்ல. ஸ்கேன்ல உறுதி பண்ணிட்டு, நகத்தத் தூக்கி, அந்தக் கட்டிய எடுத்துடலாம். நகம் திரும்ப வளரும். வலி பெரும்பாலும் போயிடும். சிலருக்குத் திரும்பவும் வரலாம், அதையும் சொல்லிடறேன்."

கட்டி என்று கேட்டு வாயெல்லாம் பல்லான முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே இருந்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். இருக்கிறது. கடுகளவாவது இருக்கிறது.

"இன்னும் ஒண்ணு பாக்கணும்," என்று மருத்துவர் அவள் கையை உயரத் தூக்கிப் பிடித்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டம் நிற்கும்வரை காற்றடித்தார். பிறகு கிளிப்பை எடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"குத்தப் போறீங்களா டாக்டர்?"

"குத்திட்டுதாம்மா இருக்கேன். ரத்தம் நின்னா அந்த முடிச்சும் அடங்கிடும்."

அவள் குனிந்து பார்த்தாள். முனை அந்தப் புள்ளியிலேயே பதிந்திருந்தது. மற்ற ஒன்பதைப்போல அதுவும் வெறும் விரலாக இருந்தது.

நாத்தனார் கிட்டே வந்தாள். "நிஜமாவே வலிக்கலயா?"

"நீங்களே அழுத்திப் பாருங்கண்ணி."

நாத்தனார் கட்டைவிரலை நகத்தின்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. "வேண்டாம்டி," என்றாள்.

"சீக்கிரம், ரொம்ப நேரம் கட்டி வைக்கக்கூடாது," என்றார் மருத்துவர்.

"அழுத்துங்கண்ணி. ஒண்ணும் ஆகாது."

நாத்தனார் இரண்டு கண்களையும் இறுக மூடி, தன் விரலே நசுங்கப்போவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு, மெல்ல அழுத்தினாள்.