உறைக்கு ஒரு வாளி

தேக்கா கடைத்தெருவில் தம் பிரியாணிக் கடையின் பின்சந்தில், தொட்டியோடு இணைத்திருந்த அடுப்பைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார் முகைதீன். சுடர் பிடிக்கவில்லை. புளித்த வாடைதான் வந்தது. இன்னொரு குச்சி கிழித்தார். அதுவும் விரலைச் சுட்டு அணைந்தது.

கடையில் மிஞ்சும் சோறும் கறியும் நெய்யும் அந்தத் தொட்டிக்குள் காற்றுப்படாமல் நொதித்து எரிவாயு ஆகவேண்டும். மருமகள் ஷமீமா வாங்கி வைத்த தொட்டி. கொழுப்பைக் குறையுங்கள், பக்கத்துக் கடைகளின் காய்கறிக் கழிவையும் சேருங்கள் என்று அவள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். அடுத்தவன் குப்பை நம் தொட்டிக்கு வருவதா என்று மறுத்துவிட்டார். அதோடு நின்றாரா? வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லோரும் கூடியிருக்கையில், இந்த வருடம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி எங்கள் கடை வாயுவில்தான் கொதிக்கும் என்று சொல்லியும் விட்டார். வாப்பா காலத்திலிருந்து அந்தக் கஞ்சி அவர்கள் பொறுப்பு. அந்த வீட்டுச் சொல் தவறியது என்று ஒருவரும் பேசியதில்லை. நோன்போ நெருங்கிவிட்டது.

"கொழுப்பு மிஞ்சி உள்ள இருக்கற நுண்ணுயிரெல்லாம் செத்துப்போச்சு மாமா," என்றாள் ஷமீமா. "பாலுக்கு உறை வாங்கற மாதிரி, நல்லா இருக்கற தொட்டியிலேருந்து கரைசல் வாங்கி ஊத்தணும். சிதம்பரம் அங்கிள் தொட்டி சூப்பரா எரியுது லா."

சிதம்பரத்தின் சைவ உணவகம் பக்கத்துக் கடைதான். அங்கே தொட்டி வந்த அன்று, சாணிக்குழி என்று தெருவே சிரிக்கச் சொன்னவர் முகைதீன். வேலையாள் தனசேகரனை அனுப்பிப் பார்த்தார். போன வேகத்தில் காலி வாளியோடு திரும்பினான். பெரியவரே வரட்டுமாம் என்றான், முகத்தைப் பார்க்காமல்.

முகைதீன் உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, வாளியைத் தாமே எடுத்தார். காய்கறி லாரிக்காரர்கள் சலாம் சொன்னார்கள். நிமிர்ந்த தலை தாழாமல் பதில் சொன்னார். ஒருவரிடம் கேட்பதே பெரிது. அதிலும் எச்சில் அழுகிய தண்ணீரைக் கேட்பது.

"சாணிக்குழின்னு சொன்னது ஞாபகம் இருக்கா பாய்?" என்றார் சிதம்பரம்.

"சொன்னேன். இப்ப அதையே கேட்டு வந்திருக்கேன்."

சிதம்பரம் சிரிக்கவில்லை. வாளியைப் பார்த்தார். "இதுல கறி பட்டிருக்குமே?"

"பட்டிருக்கும்."

"எங்க பாத்திரம் அதுல படக்கூடாது. மேலேருந்துதான் ஊத்துவேன். தப்பா எடுத்துக்காதீங்க பாய், அப்பாவுக்குக் குடுத்த வாக்கு."

யாருக்கு மேலிருந்து ஊற்றுவார்கள் என்பது முகைதீனுக்குத் தெரியும். சந்தில் லாரிக்காரர்கள் கூடையை இறக்காமல் நின்றார்கள். இப்படியே திரும்பிப் போகலாம். போனால் பள்ளிவாசல் ஜமாஅத்தின் முன் என்ன சொல்வது? பின்னால் வந்து நின்ற தனசேகரன் வாளியை வாங்கக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. முதுகை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி உட்கார்ந்து, வாளியை இரண்டு கையாலும் பிடித்தார்.

கறுத்த கரைசல் உயரத்திலிருந்து விழுந்தது. வெள்ளைச் சட்டைக் கையில் துளிகள் தெறித்தன. அவர் அசையவில்லை. வாளி கனத்துக்கொண்டே வந்தது. நுரைக்கடியிலிருந்து ஒரு குமிழி மெல்ல எழுந்து, உடையாமல் நின்றது.