யாசெனிக்கில் தளம் போட்ட சனிக்கிழமை

ஒரு தளம் போட எட்டுப் பேர் வேண்டும். மேஸ்திரி ஸ்வோன்கோவிடம் தன்னையும் சேர்த்து நான்கு பேர்தான் இருந்தார்கள்.

எட்டு என்பது சும்மா சொன்ன கணக்கு அல்ல. கலவையைக் கக்கும் ரப்பர் குழாயின் வாயைப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் பிடித்தால் அது மலைப்பாம்புபோல் துள்ளி ஆளைச் சாய்த்துவிடும். விழுந்த கலவையைக் கம்பிகளுக்கிடையே இழுத்துப் பரப்ப இரண்டு பேர். பின்னாலேயே வைப்ரேட்டரை விட்டு எடுக்க ஒருவர். கலவைக்குள் சிக்கிய காற்று கொப்புளம் கொப்புளமாக மேலே வந்து உடையும்வரை அதை அதிரவிட வேண்டும். கொஞ்சம் அதிகமானாலும் ஜல்லியெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மட்டப்பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க இரண்டு பேர். எட்டாவது ஆள் மேலே வருவதே இல்லை. அவர் கீழே, பலகைகளைத் தாங்கும் முட்டுகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தபடி நிற்க வேண்டும். ஏதாவது ஒரு முட்டு இறங்கினால் கத்துவதுதான் அவர் வேலை.

நான்கு பேரை வைத்துக்கொண்டு பாதியை இன்றும் மீதியை நாளையும் போட்டால் என்ன? ஆறிப்போன கஞ்சியின்மேல் சூடான கஞ்சியை ஊற்றிப் பாருங்கள். ஒரே பாத்திரத்தில் இருக்கும், ஆனால் ஒன்றாகாது. கான்கிரீட்டும் அப்படித்தான். இறுகிய ஓரத்தில் புதுக்கலவை ஒட்டுவதுபோல் ஒட்டும். முதல் குளிர்காலத்திலேயே அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கி, உறைந்து, பிளந்துவிடும். தளம் என்றால் ஒரே மூச்சில் போட்டாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை, கட்டடத்தின் வாசலில் நின்று ஸ்வோன்கோ தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"கிராட்ஸ்ல இருக்கானுங்களாம். நாளைக்கு வர்றேன்னு சொன்ன கோஷ்டி மொத்தமும் ஆஸ்திரியாவுக்கு பஸ் ஏறிட்டானுங்க."

"நமக்கு முட்டி தேஞ்சுபோனது நல்லதாப் போச்சு," என்றார் பாயோ. முப்பது வருடமாக ஸ்வோன்கோவோடு இருக்கும் கொத்தனார். "இல்லேன்னா நாமளும் போயிருப்போம்."

ஸ்வோன்கோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிக்கொண்டிருந்தது யாசெனிக் ஊரின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். பழையது பூட்டிப் பல வருடம் ஆகிறது. அவருடைய மகள் தேனா ஒசியேக் மருத்துவமனையில் செவிலி. கணவன் ஏற்கெனவே அயர்லாந்தின் கார்க் நகரில், கொத்து வேலையில். மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஓர் இடம் வேண்டும் அவளுக்கு. "வசந்தத்துல காப்பகம் திறந்தா இங்கயே இருக்கேன்ப்பா. இல்லேன்னா கார்க்குக்குக் கிளம்புறேன்," என்று சொல்லிவிட்டாள். வசந்தத்தில் திறக்க வேண்டுமானால் பனி விழுவதற்குள் தளம் போட்டாக வேண்டும். மூன்று வட்டாரத்துக்கும் சேர்த்துக் கலவை பம்பு ஓட்ட ஒரே ஓட்டுநர்தான் மிச்சம். அவரைப் பிடித்துக் கிடைத்த ஒரே நாள் நாளைய சனிக்கிழமை.

கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த தில் பகதூர் தலையை நிமிர்த்தினான். அவனும் அவன் சித்தப்பா மகன் ஓமும் போன வருடம் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். ஊர்மொழியைத் துண்டு துண்டாகப் பேசுவான், கூச்சமே படமாட்டான்.

"மேஸ்திரி, ஊர்க்காரங்க வரமாட்டாங்க? எங்க ஊர்ல தளம்னா எல்லாரும் வரும்."

"இங்கயும் அப்படித்தான்டா. ஆனா தளத்துக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. தானா வரணும். கூப்பிட்டா, 'எனக்கே தெரியாதா, நீ சொல்லித்தான் வரணுமா'ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க."

"நல்லது. அப்ப தானா வரும்."

"வரமாட்டாங்க. அது அவங்கவங்க வீட்டுத் தளத்துக்கு. இது பஞ்சாயத்துக் கட்டடம், நான் காசு வாங்குற மேஸ்திரி. இங்க வந்து நின்னா, 'உனக்குத் துப்பில்ல'ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி."

தில் யோசித்தான். "கூப்பிட்டா கோபம். கூப்பிடாம வந்தாலும் கோபம்."

"இதான் நம்ம ஸ்லவோனியாச் சீமை. எழுதி வச்சுக்க," என்றார் பாயோ.

மறுநாள் விடிந்ததும் பம்பு வண்டி வந்து நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. ஓட்டுநர் இறங்கி ஆட்களை எண்ணினார். திரும்ப ஒரு தடவை எண்ணினார்.

"மேஸ்திரி, மீதிப் பேரு எங்க? முதல் கலவை லாரி கிளம்பப் போகுது. வேணாம்னா இப்பவே சொல்லிடு. அப்புறம் எனக்கு நாள் இருக்கிறது பனிக்கு அப்புறம்தான்."

ஸ்வோன்கோ போனைக் கையில் எடுத்தார். நான்கு பேரோடு தொடங்கினால் தளம் பாழாகும். தொடங்காவிட்டால் தேனா போய்விடுவாள். எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியாமல் நின்றபோது தெருமுனையில் மஞ்சள் மொபெட் தெரிந்தது. தபால்காரி மாண்டிட்சா ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். பின்சீட்டில் கடிதப்பைக்குப் பதில் ஒரு மண்வெட்டி கட்டியிருந்தது.

"நேத்து சாயங்காலம் உன் நேபாளிப் பையன் என் வீட்டுக் கதவைத் தட்டினான்," என்றாள். "'மேஸ்திரி கல்யாணப் பொண்ணு மாதிரி, வாயத் திறந்து கேக்காது, நீ வா'ன்னான்."

ஸ்வோன்கோ திரும்பி தில்லைப் பார்த்தார். தில் வானத்தைப் பார்த்தான்.

"என் வீட்டுக்கு மட்டும்னு நெனைக்காத. தெரு முழுக்கத் தட்டியிருக்கான். ஏன்யா, நாங்க என்ன செத்தா போயிட்டோம்? முட்டு வச்ச நாள்ல இருந்து ஜன்னல்ல நின்னு பாக்குறோம், இப்பக் கூப்பிடுவான், அப்பக் கூப்பிடுவான்னு."

"கூப்பிடக் கூடாதுன்னுதானே, மாண்டிட்சா..."

"அது வீட்டுக்கு! பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு நீ கூப்பிடாம நாங்க எப்படி வர்றது? நாளைக்கு நீ எங்களைத் திட்டவா?"

இப்படி ஒரு தளத்தை இந்த ஊர் அதற்கு முன் போட்டதே இல்லை. ஆகவே இதற்கு விதி என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவரவர் மரியாதை கெடாமல் அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

மாண்டிட்சாவுக்குப் பின்னால் ரொட்டிக்கடை இலியா வந்தார், முழங்கைவரை மாவோடு. ஜீன்ஸ் போட்ட பாதிரியார் வந்தார். இரவுப் பணி முடித்து நேராகத் தேனாவே வந்து நின்றாள்.

"நீ போய்த் தூங்கு," என்றார் ஸ்வோன்கோ.

"யாருக்காகப்பா இந்தக் கட்டடம்? மண்வெட்டியக் குடு."

ஓட்டுநர் மூன்றாம் முறை எண்ணினார். எட்டு. லாரியை வரச்சொன்னார்.

குழாயைத் தில்லும் ஓமும் பிடித்தார்கள். இலியாவும் தேனாவும் பரப்பினார்கள். மாவு பிசைந்து பழகிய கை என்பதால் இலியாவுக்குக் கலவையின் பதம் சட்டென்று பிடிபட்டது. பாயோ வைப்ரேட்டர். மட்டப்பலகையின் ஒரு முனையில் ஸ்வோன்கோ, மறுமுனையில் பாதிரியார்.

"இழுங்க சாமி, இழுங்க! இது பிரசங்கம் இல்ல, நிறுத்தி நிறுத்திப் பண்றதுக்கு!"

"உன்னைக் கோயில்ல பாத்தே ரொம்ப நாளாச்சு, அதையும் இங்க இழுக்கட்டுமா?" என்றார் பாதிரியார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

பாதித் தளம் தாண்டியபோது கீழேயிருந்து மாண்டிட்சாவின் குரல் வந்தது. "ஸ்வோன்கோ! மூலையில பலகை தொப்பை போடுது!"

ஸ்வோன்கோ மட்டப்பலகையைப் போட்டுவிட்டு ஏணியில் இறங்கினார். முட்டு என்பது இரும்புக் குழாய். நடுவே திருகு இருக்கும், திருகினால் உயரும். மூலையில் மண் இளகி ஒரு முட்டின் கால் உள்ளே போயிருந்தது. அதை அப்படியே திருகினால் இன்னும் புதையும். பக்கத்தில் இன்னொரு முட்டுக்குழாயை அகலப்பலகைமேல் நிறுத்தினால் பாரம் பரவி நிற்கும். மாண்டிட்சா பலகையைப் பிடிக்க, அவர் அந்தக் குழாயை நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். தலைக்குமேல் டன் கணக்கில் ஈரக்கலவை. தொப்பை மெல்ல உள்வாங்கியது.

இறங்கும்போது அவருக்கு ஒரே பயம், மேலே வேலை நின்று ஓரம் இறுகிவிடுமே என்று. ஏறிப் பார்த்தபோது வேலை நிற்கவில்லை. தில் குழாயை எதிர்முனைக்குத் திருப்பி அங்கே ஊற்றிக்கொண்டிருந்தான். பாயோ பழைய ஓரத்தை அவ்வப்போது அதிரவிட்டு அதை இறுகவிடாமல் வைத்திருந்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஸ்வோன்கோ மட்டப்பலகையை எடுத்தார்.

மதியத்துக்குள் தளம் முடிந்தது. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சாம்பல் நிறம், நடுவில் ஒரு கோடு இல்லை.

வெளியே வந்தால் முற்றத்தில் அடுப்பு எரிந்தது. ஸ்வோன்கோவின் மனைவி லியூபிட்சா பெரிய கொப்பரையில் மிளகாய்ப்பொடி மணக்கும் இறைச்சிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"முதல்ல என்கிட்டதான் வந்தான். சாப்பாடு உண்டான்னு கேட்டான், உண்டுன்னேன். உன்கிட்டச் சொன்னா தடுத்திருப்பே."

தளத்துக்கு வந்தவர்களுக்கு இங்கே யாரும் நன்றி சொல்வதில்லை. 'உன் தளத்துக்கு நான் வர்றேன்' என்பார்கள், அவ்வளவுதான். ஸ்வோன்கோ பிளம் சாராயப் புட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்.

"நான் எங்கடா வீடு கட்டப்போறேன்?" என்றார் இலியா. "அடுப்புக்கு மேல கூரை ஒழுகுது. அதுக்கு வா."

"வர்றேன்."

பாதிரியார் மணிக்கூண்டின் படிக்கட்டைச் சொன்னார், மாண்டிட்சா கோழிக்கூட்டை. எல்லாவற்றுக்கும் வர்றேன் என்றார். தேனா காலணியெல்லாம் சிமெண்டோடு ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என் வீட்டுக்காரருக்குத் தளத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்ப்பா. எப்பத் திறக்கும்னு கேட்டாரு. மார்ச்சுன்னேன். அங்க கொத்து வேலைக்கு ஆள் வேணுமா, வந்துடட்டுமான்னு கேக்குறாரு."

"இங்கயா? வேணுமே!" என்றார் ஸ்வோன்கோ. அவள் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

கடைசியாகத் தில்லின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"உன் வீட்டுத் தளம் எப்போ?"

"நேபாளத்துல, பால்பா பக்கம். கீழ கட்டியாச்சு. மேல் தளம் ரெண்டு வருசம் ஆகும்."

"வர்றேன்."

மேசை முழுக்கச் சிரித்தது. ஸ்வோன்கோ சிரிக்கவில்லை. "அங்க பம்பு கிடைக்குமா?"

"பம்பு இல்ல, மேஸ்திரி. ரோடே இல்ல. மூங்கில் ஏணி. ஏணி முழுக்க ஆளு. கலவைச் சட்டி கைக்குக் கை மேல போகும். காலிச் சட்டி அந்தப் பக்கமா கீழ வரும்."

"நடுவுல நிக்காதா? ஓரம் இறுகிடாதா?"

"நிக்காது. பாட்டுப் பாடுவோம். பாட்டு எவ்வளவு வேகமோ, சட்டி அவ்வளவு வேகம்."

ஸ்வோன்கோ நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏணிய எந்தச் சாய்வுல வைப்பீங்க? இரு இரு, ரொட்டியும் கரண்டியும் வச்சுக் காட்டு."